மே மாசம் மாதாவுக்கு வீட்டு மல்லிப்பூ வேணும், கொழுந்து மஞ்சளாகுது. என்ன செய்யலாம்?

தங்கச்சிமடம் அம்மாச்சி:

எல்லாருக்கும் வணக்கம் பிள்ளைகளா. வயசு 67. பேத்தி போன்ல பேசுனா எழுத்தா வர்ற மாதிரி வச்சுக் குடுத்துருக்கா, அதுனால கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுமையா படிங்க. கேள்வி மல்லிச்செடிய பத்தி, ஆனா ஏன் கேக்குறேன்னு சொல்லாம விட்டா பாதிதான் புரியும்.

எங்க வீட்டு கெணத்தடியில எங்கம்மா வச்ச மல்லி, அதுல இருந்து பதியன் போட்டுப் போட்டு இப்ப பதினாறு மூடு செடி நிக்குது. எங்க ஊரு மல்லி நாத்து வெளி மாவட்டத்துக்கெல்லாம் போறது உங்களுக்கு தெரிஞ்சிருக்கும். நவம்பர் கடைசியில கவாத்து பண்ணி முழங்கால் ஒசரத்துக்கு விட்டோம், தை மாசம் நல்லா துளுத்துச்சு. மாசி பொறந்ததுல இருந்து கொழுந்து எலை மட்டும் மஞ்சளாகுது, நரம்பு பச்சையா கோடு போட்ட மாதிரி நிக்குது, நரம்புக்கு ஊடால எல்லாம் வெளுத்துப் போயிருக்கு. கீழ நிக்கிற பழைய எலைக்கு ஒண்ணும் இல்ல. கெணத்துத் தண்ணியும் கொஞ்ச நாளா லேசா உப்புக் கரிக்குது. மீன் அமிலம் நானே போடுவேன், மீன் கழிவும் வெல்லமும் சரிக்குச் சரி போட்டு மூடி வச்சு, லிட்டருக்கு அஞ்சு மில்லி கலந்து தெளிப்பேன். முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் அது நல்லாத்தான் கேக்குது, மல்லிக்கு மட்டும் கேக்கல.

இப்ப சேதிக்கு வர்றேன். இந்த 2025 மார்ச் 14, 15 கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு போய்ட்டு வந்தோம். போன வருஷம் 2024ல நம்ம மீனவங்கள அங்கிட்டு ஜெயில்ல போட்டதுக்கு எதிர்ப்பா இங்கருந்து படகு போகல, அதுனால இந்த வருஷம் எப்புடியாச்சும் போயிரணும்னு வேர்க்கோடு கோயில்ல முதல்லயே பேரு குடுத்துட்டோம். எங்கம்மாவோட தங்கச்சி, எனக்கு சின்னம்மா, 1964 புயலுக்கு முந்துன வருஷம் யாழ்ப்பாணம் குருநகருக்கு வாக்கப்பட்டுப் போனவுக. அப்ப தனுஷ்கோடியில இருந்து தலைமன்னாருக்கு கப்பல் ஓடுச்சு, இந்தா இருக்கு அந்தா இருக்குன்னு பொண்ணு குடுத்தாக. அப்புறம் புயல் வந்துச்சு, பெறகு சண்டை வந்துச்சு, எங்கம்மா செத்ததுக்கு கூட சின்னம்மாவால வர முடியல. இப்ப நாங்க பாத்துக்குறது கச்சத்தீவுல மட்டும்தான், பாஸ்போர்ட்டு விசா இல்லாம திருவிழாவுக்கு போய் வரலாம்னு 1974 ஒப்பந்தத்துலயே இருக்கு, அந்த ஒரு வரிதான் எங்க குடும்பத்த சேத்து வச்சிருக்கு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடி ஏத்தி சிலுவைப்பாதை முடிஞ்சு தேருக்கு காத்து நிக்கிறப்பதான் அந்தக் கூட்டத்துல சின்னம்மாவ கண்டோம். எம்பது வயசு, ரெண்டு பேரன் கையப் பிடிச்சு கூட்டிட்டு வந்தாக. நான் எவர்சில்வர் டப்பாவுல ஈரத்துணி சுத்தி வீட்டு மல்லி ரெண்டு முழம் கொண்டு போயிருந்தேன். ஒரு பூவ காம்போட கிள்ளி மூக்குகிட்ட வச்சுக்கிட்டு “இது எங்கட கெணத்தடிப் பூவோ பிள்ளை”ன்னாக. பாதிய அந்தோணியாருக்கு போட்டுட்டு மிச்சத்த செபமாலையோட சுத்தி பையில வச்சுக்கிட்டாக. அடுத்த வருஷமும் இதையே கொண்டு வான்னு சொல்லி விட்டாக.

அடுத்து மே மாசம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், மகன் ரெண்டு பேரும் விசைப்படகு, 61 நாளும் வீட்டுலதான் இருப்பாங்க. தூத்துக்குடி மக பிள்ளைகளோட வர்றா, குவைத்துல இருக்கிற சின்னவனுக்கும் லீவு கிடைச்சிருச்சு. பெரிய பேத்திக்கு அந்த மாசந்தான் புது நன்மை, அதான் கோயில்ல மொத மொத நற்கருணை வாங்குறது. மே முழுக்க மாதா வணக்க மாசம், தினம் சாயங்காலம் எல்லாரும் உக்காந்து செபமாலை சொல்லுவோம், எங்கம்மா காலத்துல இருந்து அந்த மாசம் எங்க வீட்டு மாதா சுருபத்துக்கு கடைப் பூ ஏறுனது இல்ல. அதுக்குத்தான் கேக்குறேன், இன்னும் ஒரு மாசம் இருக்கு, செடி தேறிருமா? என்ன குடுக்கணும்?

சாயல்குடி பனங்காடு:

அம்மா வணக்கம், படிக்கவே அம்புட்டு சந்தோசமா இருக்கு. எங்க ஊர்ல இதுக்கு துருப்பிடிச்ச ஆணிய புளிச்ச மோர்ல ஊறப்போட்டு வேர்ல ஊத்துவாங்க, எலுமிச்சைக்கு எங்க அய்யா அப்புடித்தான் செய்வாரு. செலவு கிடையாது செஞ்சு பாருங்க. அப்புறம் தப்பா எடுத்துக்காதீங்க, விசேஷம் நடக்குற வீட்டுல அம்புட்டு வேலைக்கு நடுவுல தெனம் பூ பறிச்சு கட்டணும்னா உங்க ஒடம்பு என்னத்துக்கு ஆகும், புது நன்மை அன்னிக்கு மட்டும் கடையில வாங்கிட்டா மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க.

மண்டபம் நாத்துக்காரன்:

அம்மா, நீங்க சொன்ன அடையாளமே போதும். கொழுந்து மஞ்சள், நரம்பு பச்சை, பழைய எலை நல்லாருக்கு, இது இரும்புச்சத்து பத்தாக்குறை. நோயும் இல்ல பூச்சியும் இல்ல, பயப்படாதீங்க. நம்ம கடக்கரை மண்ணுல சிப்பித்தூளும் சங்குத்தூளும் கலந்து கெடக்கு, அது அம்புட்டும் சுண்ணாம்பு. மண்ணுல இரும்பு இருந்தாலும் இந்த சுண்ணாம்பு அத வேருக்கு விடாம பிடிச்சுக்கும். தண்ணி உப்பாகுறப்ப இன்னும் மோசம். சாயல்குடி அண்ணன் சொன்ன ஆணி வைத்தியம் செம்மண்ணுல கொஞ்சம் கேக்கலாம், இந்த மண்ணுல வேர்ல என்ன இரும்பு ஊத்துனாலும் சுண்ணாம்பு முழுங்கிரும், அதுனால எலை வழியாத்தான் குடுக்கணும்.

உரக்கடையில அன்னபேதி உப்புன்னு கேளுங்க, பெரஸ் சல்பேட்னு கவர்ல போட்டிருக்கும். இளம்பச்சை கலர்ல இருக்கணும், பழுப்பாப் போயிருந்தா வாங்காதீங்க அது பழசு, எலைக்கு ஏறாது. ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு 5 கிராம், ரெண்டு சொட்டு எலுமிச்சை சாறு விட்டு, கலக்குன உடனே வெயில் தாழ தெளிச்சிரணும், கெணத்துத் தண்ணியில கலக்கவே கூடாது, குடிக்கிற தண்ணிதான். கொழுந்துல எலைக்கு மேலயும் அடியிலயும் படணும். மாசம் ஒரு தடவை, மஞ்சள் போற வரைக்கும். அளவக் கூட்டுனா எலை கருகிரும், சீக்கிரம் பச்சையாகட்டும்னு நெறைய போட்டுறாதீங்க.

எலை ஓரம் பழுப்பாக் கருகுதான்னும் பாத்துக்கங்க, கருகுனா அது உப்பு வேலை. எங்கயாச்சும் நல்ல தண்ணி கிடைச்சா ஒருக்கா பாத்தி நெறைய விட்டு உப்ப கீழ எறக்கி விடுங்க, அப்புறம் பூவரசு எலைய மூடாக்கு போட்டா மண்ணு காயாது, காஞ்சாத்தான் உப்பு மேல ஏறி வரும். கடல்பாசிய உரமாப் போடுற பழக்கம் இருந்தா நல்லா அலசி மக்க வச்சுப் போடுங்க. மீன் அமிலம் நிறுத்த வேண்டாம், ஆனா அதுக்கும் இந்த மஞ்சளுக்கும் சம்பந்தம் இல்ல. எதாச்சும் ஒரு மூடு மட்டும் பழைய எலையோட சேந்து வாடுச்சுன்னா வேர நோண்டிப் பாருங்க, அழுகியிருந்தா அத எடுத்துருங்க, பக்கத்து மூட்டுக்கு பரவும்.

நம்ம மல்லி மார்ச்சுல இருந்து ஜூலை வரைக்கும் பூக்குற சாதி. மே மாசத்துக்கு கட்டாயம் பூக்கும்மா.

கீழக்கரை பேத்தி:

ஸலாம் அம்மாச்சி. எனக்கு செடி கொடி பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா உங்க சின்னம்மா சேதிய படிச்சுட்டு பேசாமப் போக முடியல. நான் சென்னையில வேலை பாக்குறேன், எங்க உம்மம்மா, அதான் பாட்டி, கீழக்கரையில. தெனம் நோன்பு தொறந்து மஃரிப் தொழுதுட்டு வாய்ஸ் மெசேஜ் போடுவாங்க, யாரு வீட்டுக்கு வந்தா, நோன்புக் கஞ்சிய எந்தெந்த வீட்டுக்கு குடுத்தாங்க, முருங்கை பூ எடுத்துருக்கா, எனக்காக என்ன துஆ கேட்டாங்க, எல்லாம் ஒரே மூச்சுல வரும். இந்த வருஷம் உங்க தவக்காலமும் எங்க நோன்பும் ஒண்ணா வந்ததால நீங்களும் எங்க உம்மம்மாவும் ஒரே நேரத்துல பேசிக்கிட்டு இருப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். சின்னம்மா வாக்கப்பட்டுப் போன கதை, கப்பல்ல யாரு கூடப் போனா, அங்க யாரு யாருக்கு என்ன முறை, இதெல்லாம் மே மாசம் எல்லாரும் கூடுறப்ப பேத்திய விட்டு ரெக்கார்ட் பண்ணி வச்சுருங்க. எங்க வீட்டுல பர்மாவுக்கு சபுரு (பயணம்) போன பெரிய வாப்பாவோட சேதி தெரிஞ்ச கடைசி ஆளும் மவுத்தாப் போயிட்டாங்க, இப்ப அந்தக் குடும்பம் எங்க இருக்குன்னு கேக்க ஆள் இல்ல. சாயல்குடி காக்கா (அண்ணன்) சொன்ன மாதிரி கடைப் பூ வாங்குறது லேசுதான், ஆனா அந்தப் பூவ மோந்து பாத்து இது எங்க வீடுன்னு யாரும் சொல்ல மாட்டாங்கல்ல. அப்புறம் எனக்கு உங்க மல்லியில ஒரு பதியன் கிடைக்குமா, உம்மம்மா வீட்டு முத்தத்துல வைக்கணும், எந்த மாசம் வந்து வாங்கலாம்?

தங்கச்சிமடம் அம்மாச்சி:

பிள்ளைகளா, ஈஸ்டர் முடிஞ்சு இப்பத்தான் நேரம் கிடைச்சுச்சு. மண்டபம் தம்பி சொன்னபடி அன்னபேதி ரெண்டு தடவை ஒரு மாச எடவெளி விடாம மூணு வாரத்துல அடிச்சாச்சு, பச்சைக் கலர் பாத்துத்தான் வாங்குனேன். மொதல்ல திட்டுத் திட்டா பச்சையாச்சு, இப்ப புதுசா வர்ற கொழுந்து நல்ல பச்சையா வருது. கெணத்தடியில நிக்கிற அம்மா வச்ச மூடு மொட்டு எடுத்துருச்சு.

தம்பி சாயல்குடி, நீங்க அக்கறையிலதான் சொன்னீக, எனக்குத் தெரியும். ஆனா விடியக்காலம் எந்திரிச்சு மொட்டு பறிக்கிற நேரந்தான் எனக்கு செபம். ஒரு மூட்டுக்கு ஒரு பிள்ளை பேரச் சொல்லிப் பறிப்பேன், கடலுக்குப் போனவனுக்கு மொதல்ல. அதுல எனக்கு நோவு தெரியல.

மகன்மார் 14ஆம் தேதியே படக கட்டிட்டு வந்துட்டாங்க, பெரிய வியாழன், பெரிய வெள்ளி எல்லாத்துக்கும் மொத்தக் குடும்பமும் கோயில்ல ஒரே வரிசையில இருந்துச்சு, எம்புட்டு வருஷமாச்சு அப்புடி இருந்து. புதுப் பாம்பன் பாலம் 6ஆம் தேதி தொறந்தாச்சுல, மக மண்டபத்துல எறங்கி பஸ்சுக்கு அலையாம ராமேஸ்வரத்துக்கே ரயில்ல வந்துட்டா. ஈஸ்டருக்கு மறுநாள் பாப்பரசர் பிரான்சிஸ் தவறிட்டாருன்னு சேதி வந்துச்சு, எல்லாரும் வீட்டுல இருந்தோம், அப்புடியே உக்காந்து அவருக்காக ஒரு செபமாலை சொன்னோம், சின்னப் பிள்ளைக கூட எந்திரிக்கல.

கீழக்கரை மகளே, நீ சொன்னத மூத்த பேரன்கிட்ட ஒப்படைச்சாச்சு, குருநகருக்கு போன் போட்டு சின்னம்மா குரலையே பதிஞ்சுட்டான், கப்பல்ல அவுக கூடப் போனது எங்க தாய்மாமன்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரியும். பதியன் உனக்கு இல்லாம யாருக்கு, உம்மம்மாவுக்கு என் ஸலாம் சொல்லு.

இப்ப ஒரு புதுக் கேள்வி. ரெண்டு மூட்டுல மொட்டு வெளுப்பா இல்லாம ஊதாக் கலரா மாறுது, கிள்ளிப் பாத்தா உள்ள சின்னப் புழு இருக்கு. மாதாவுக்கும் போடுற பூ, பிள்ளைக தலையிலயும் வைக்கிற பூ, அதுனால மருந்து அடிக்க மனசு இல்ல.

மண்டபம் நாத்துக்காரன்:

அது மொட்டுப்புழும்மா. ஊதாவான மொட்ட எல்லாம் தெனம் பறிச்சு மண்ணுல போடாம எரிச்சிருங்க, கீழ விழுந்து கெடக்குறதையும் பொறக்கிருங்க. வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடிச்சு துணியில கட்டி ஒரு லிட்டர் தண்ணியில ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில நல்லா பிசைஞ்சு வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு சேத்து, அன்னிக்கு மொட்டு பறிச்சு முடிச்ச பிறகு சாயங்காலம் தெளிங்க. வாரம் ஒருக்கா போதும். கசப்பு வாடை மறுநாள் லேசா இருக்கும், அன்னிக்குப் பூவ மட்டும் ஒரு அலசு அலசிக் கட்டுங்க. அன்னபேதிய இனி மஞ்சள் திரும்ப வந்தா மட்டும் அடிங்க, நெருக்கி நெருக்கி வேண்டாம்.

கீழக்கரை தங்கச்சி, இப்ப வெயில்ல பதியன் வாங்கிட்டுப் போனா பொழைக்காது. அம்மா இப்பவே ஒரு வளஞ்ச கொப்ப மண்ணுல அமுக்கி மேல கல்லு வச்சு விட்டாங்கன்னா வேர் விட்டுரும், ஜூன்ல இருந்து நவம்பருக்குள்ள எப்ப வேணா நடலாம், நம்ம பக்கம் மழை ஐப்பசியிலதான், அதுனால புரட்டாசி கடைசியில வந்து வாங்கிக்கங்க. நட்டதும் ஒரு வாரம் ஓலை நெழல் போடுங்க.