செண்டுமல்லிக் கலப்பில் விதை பிடிக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். நிலக்கோட்டைப் பக்கம் செண்டுமல்லி பயிரிடுகிறோம். உயரமாக வளரும் ஆப்பிரிக்க வகையைத் தாயாகவும் குட்டையான பிரெஞ்சு வகையைத் தந்தையாகவும் வைத்துக் கலப்புச் செய்து வருகிறேன். முன்னதில் 24 குரோமோசோம், பின்னதில் 48. பிறக்கும் செடிக்கு 36. அது விதை கட்டாது, அதனால் நெடுநாள் விடாமல் பூக்கும். பூ விவசாயிக்கு வேறென்ன வேண்டும்!

சிக்கல் தாய்ப்பூவில்தான். ஓரத்து இதழ்ப்பூக்களில் சூலகம் மட்டுமே. நடுவிலுள்ள குழல்பூக்களில் மகரந்தமும் உண்டு. அவற்றைக் கிள்ளியெடுத்து, மெல்லிய துணிப்பை கட்டி, மகரந்தம் தடவினாலும் கருகருவென்று திரண்டிருக்க வேண்டிய விதைகள் வெளிறிப் பதராகவே வருகின்றன. சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) இரண்டாகப் பிரிந்த அன்றே தடவ வேண்டுமா, மறுநாளா? ஆண்மலட்டுத் தாய்ச்செடியின் (தானாக நல்ல மகரந்தம் உண்டாக்காத செடியின்) விதை எங்கே கிடைக்கும்? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். இந்தப் பட்டத்திலேயே முயல வேண்டும்.