டிஸ்கவரிக்கு ஒரு சொல், ப்ரோபுக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

சேமிப்பக வலையமைப்பை, அதாவது சர்வர்களையும் தரவு வட்டுகளையும் இணைக்கும் வலையமைப்பை, மேலாளும் மென்பொருளுக்கான தமிழ்ச் சொற்பட்டியலில், அதன் இரண்டு வேலைகளான டிஸ்கவரிக்கு (discovery) 'கண்டுபிடிப்பு', ப்ரோபுக்கு (probe) 'ஆய்வு' என்று போட்டு வைத்திருக்கிறோம். இரண்டும் வேண்டாம் என்பது என் கட்சி. கண்டுபிடிப்பு என்றால் எடிசனும் மின்விளக்கும்தான் ஞாபகம் வரும். ரேக்கில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் வலையமைப்பு சுவிட்சை யார் கண்டுபிடித்தார்கள்? ஆய்வோ, ஆய்வேட்டிலிருந்து காவல் ஆய்வாளர் வரை எல்லாருக்கும் உழைத்துக் களைத்த சொல்.

முதலில், மென்பொருள் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். டிஸ்கவரியில் அது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இங்கே யார் யார் இருக்கிறீர்கள்? ஃபைபர் சேனல் என்ற சேமிப்பக வலையமைப்பு வகையில் கருவியைச் செருகியதும் அது சுவிட்சில் உள்நுழைந்து, தன் 64 பிட் உலகப் பெயரை (வேறெந்தக் கருவிக்கும் இல்லாத அடையாள எண்ணை)ப் பெயர்ப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். 16 பதினறும (ஹெக்ஸ்) இலக்கங்கள். அதைப் பார்த்தே எந்த நிறுவனத் தயாரிப்பு என்று குலம் கோத்திரம் சொல்லிவிடலாம்: 50:05:07:6 என்று தொடங்கினால் ஐபிஎம், 50:06:01:6 என்றால் ஈஎம்சி. மென்பொருள் அந்தப் பதிவேட்டைப் புரட்டும். ஐபி வழியாகவும் எஸ்என்எம்பி என்ற மேலாண்மை நெறிமுறையில் விசாரிக்கும். கருவிகளின் சார்பில் பதில் சொல்லும் எஸ்எம்ஐ-எஸ் முகவர் மென்பொருள்கள் இருந்தால் 427ஆம் போர்ட்டில் (வலையமைப்பு வாசலில்) குரல் கொடுத்துத் தேடும். முடிவில் கையில் இருப்பது பெயரும் முகவரியும், அவ்வளவுதான்.

ப்ரோப் அதற்கு அப்புறம் வருவது. பயனர் பெயர், கடவுச்சொல்லோடு 5989ஆம் போர்ட்டில் நுழைந்து வட்டு எத்தனை, வட்டுகளைச் சேர்த்து அமைத்த பூலில் மிச்சம் எவ்வளவு, அதிலிருந்து பிரித்த எந்த வால்யூம் எந்த சர்வருக்கு, கருவிக்குள் ஓடும் ஃபெர்ம்வேர் எந்தப் பதிப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளும். ஐபிஎம்மின் சேமிப்பக மேலாண்மை மென்பொருளான டிவோலி ஸ்டோரேஜ் புரொடக்டிவிட்டி சென்டரில் இந்த இரண்டும் தனித்தனி வேலைகளாகவே இருந்தன.

இந்த வித்தியாசம் சொல்லிலேயே தெரிய வேண்டும் என்று நான் அடம் பிடிக்கக் காரணம் உண்டு. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு டேட்டா சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். இரவுப் பணிக்குப் புதிதாக வந்த பையன் திரையில் பச்சை டிக்கைப் பார்த்துவிட்டு, "இடம் நிறைய இருக்கு" என்று எழுதி அனுப்பிவிட்டான். பச்சை டிக் டிஸ்கவரிக்கு. கடவுச்சொல்லை யாரோ மாற்றியதிலிருந்து ப்ரோப் 11 நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அவன் படித்தது 11 நாள் பழைய கணக்கு. பூல் நிரம்பி, தரவு எழுதுவது நின்றது. நான் சில்க் போர்டு சிக்னலில் ஆட்டோவுக்குள் மாட்டிக்கொண்டு போனில் கத்திக்கொண்டிருந்தேன். "அண்ணா, டிஸ்கவர் ஆயிடுச்சே, டீட்டெயில் எல்லாம் வந்திருக்கும்னு நினைச்சேன்" என்றான். அவன்மேல் தப்பில்லை. அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களும் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இதே ஏற்பாடு வேறு பெயரில் தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், முந்தைய ஆண்டே வந்து வீட்டுப் பட்டியல் எடுத்தார்கள். தலை எண்ணியது 2011 பிப்ரவரியில். வீட்டுப் பட்டியலில் உங்கள் வீடு ஏறிவிட்டதாலேயே உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று அரசுக்குத் தெரிந்துவிடாது. என் தேடல் இங்கிருந்துதான் தொடங்கியது.

முந்தைய மடல்களில் வந்தவற்றைப் பார்க்கிறேன். 'கண்டறிதல்' நல்ல சொல்தான், ஆனால் அதே திரையில் 'பிழை கண்டறிதல்' இருக்கிறது. 'இனங்காணல்' என்பது இருப்பது தெரிந்த பிறகு இன்னதென்று சொல்வது. ப்ரோபுக்குத் 'துருவல்' பொருத்தமே, துருவித் துருவிக் கேட்பதுதானே. ஆனால் பொத்தானில் 'துருவு' என்று பார்த்தால் எனக்குத் தேங்காய்மூடிதான் தெரிகிறது. 'திரட்டல்' என்றால் வலைப்பதிவுத் திரட்டிகள் குறுக்கே வருகின்றன. டிஸ்கவரிக்கு என்ன சொல் என்று பக்கத்து இருக்கைக் கன்னட நண்பரைக் கேட்டேன். யோசிக்காமல் 'பத்தெ' என்றார். துப்பறியும் நாவல் அவர்களுக்குப் 'பத்தேதாரி காதம்பரி'. அவர்களுக்கு எளிது, நாம் 'கருவித் துப்பறிதல்' என்று போட்டால் சிரிப்பார்கள்.

என் முன்மொழிவு: டிஸ்கவரிக்குக் 'கண்டெடுப்பு', ப்ரோபுக்கு 'விவரமெடுப்பு'. இரண்டும் கணக்கெடுப்பின் அச்சில் வார்த்தவை. பொத்தானில் 'கண்டெடு', 'விவரமெடு' என்று சுருக்கமாக நிற்கும். கீழடிச் செய்திகளால் கண்டெடுப்பு எல்லாருக்கும் பழகிய சொல். மண்ணுக்குள் இருந்தது தெரியவந்தது என்ற பொருள் அதில் இருக்கிறது.

சடலம்கூடக் கண்டெடுக்கப்படுகிறதே என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். இருக்கட்டும். லேபிள் இல்லாமல் நாலு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் சுவிட்சுகளைப் பார்த்தவர்களுக்கு அது உறுத்தாது. எடுப்பு என்றால் இடத்தைவிட்டு எடுத்துப் போவதல்லவா என்ற கேள்விதான் எனக்கும் கொஞ்சம் இடித்தது. ஆனால் அடுத்த சுற்றில் பதில் சொல்லாத கருவியை டிவோலி 'மிஸ்ஸிங்' என்று காட்டி வந்தது, நாம் அதற்குக் 'காணவில்லை' என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று. காணவில்லை, கண்டெடுத்தது: இந்த ஜோடி அமைந்ததும் என் தயக்கம் போய்விட்டது.

திங்கட்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

பி.கு.: சுவிட்சுகள் சேர்ந்த பின்னலான ஃபேப்ரிக்குக்குத் 'துணி' என்று யாரோ மறுபடி நிரப்பியிருக்கிறார்கள். யாராக இருந்தாலும் தயவுசெய்து நீங்களே நீக்கிவிடுங்கள்.