அணுக்கரு இணைவில் க்யூ 1-ஐத் தாண்டியும் ஏன் மின்சாரம் வரவில்லை?

கேள்வி: 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் நடந்த அணுக்கரு இணைவுச் சோதனையில் (லேசான அணுக்கருக்களை ஒன்றுசேர்த்து ஆற்றல் எடுப்பது) போட்டதைவிட அதிக ஆற்றல் வந்தது, க்யூ, அதாவது போட்டதைப் போல வந்தது எத்தனை மடங்கு என்பது, சுமார் 1.5 என்றார்கள். அப்புறம் ஏன் ஒரு பல்புகூட எரியவில்லை?

பதில்: அதில் சின்ன எரிபொருள் உருண்டை இருந்த இலக்கைத் தொட்ட 2.05 மெகாஜூல் லேசர் ஒளி மட்டும்தான் செலவுக் கணக்கு, வந்தது 3.15. ஆனால் அந்த லேசரைச் சுட மின் இணைப்பிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல். அதையும் சேர்த்தால் கணக்கு படுத்துவிடும்.

பதில்: டோகமாக்கிலும் (மிகச் சூடான மின்னூட்ட வாயுவான பிளாஸ்மாவைக் காந்தங்களால் பிடித்துவைக்கும் இணைவுக் கருவி) இதே கூத்துதான். பிரான்சில் கட்டப்படும் பன்னாட்டு டோகமாக்கான ஐடெர் இலக்காகச் சொல்லும் க்யூ 10 என்பது பிளாஸ்மாவுக்குள் செலுத்தும் 50 மெகாவாட் சூட்டுக்கு 500 மெகாவாட் வெப்பம். காந்தங்களைக் குளிர்விக்கும் செலவு அதில் இல்லை, மின்சாரம் எடுக்க அங்கே டர்பைனும் கிடையாது.

கேட்டவர்: சரி, அப்போ எதைப் பார்க்கணும்?

பதில்: ஆலையின் மொத்தச் செலவையும் சேர்த்த பொறியியல் க்யூவை. செய்தியில் வெறும் க்யூ என்றிருந்தால் பெரும்பாலும் அது இந்தப் பொறியியல் க்யூ இல்லை.