14, 12 அல்ல: 'தி ஆபீஸ்' கணக்கு தெரியாதவர்களுக்கு

கரிக்கட்டை:
தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களைப் பற்றிச் சென்ற வாரம் அடைமழை அருளிய வாக்கு இது: "பிரிட்டிஷ்காரன் 12 எபிசோடில் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவான். 'ஃபால்டி டவர்ஸ்' 12, 'தி ஆபீஸ்' 12. கட்டிப்பிடிப்பதும் கண்ணீர் விடுவதும் அவன் நகைச்சுவையில் கிடையாது. அமெரிக்கனோ மடியில் ரத்தம் வரும்வரை கறப்பான்." இதற்குக் கைதட்டல் வேறு.

'தி ஆபீஸ்' 12 அல்ல, 14. 2001இல் ஆறு, 2002இல் ஆறு, 2003 டிசம்பர் 26, 27 தேதிகளில் இரண்டு கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடுகள். எண்ணுவதற்குக் கைவிரல் போதாது என்றால் கால்விரலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடைமழை:
என்னைத் தேடிப்பிடித்து வந்ததற்கு நன்றி. கிறிஸ்துமஸ் சிறப்பு என்பது தீபாவளி மலர் மாதிரி. தீபாவளி மலரை வார இதழின் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. இரண்டு சீசன், ஆறு ஆறு, 12. முடிந்தது.

கரிக்கட்டை:
தொடர்கதையின் கடைசி அத்தியாயம் தீபாவளி மலரில் வந்தால் சேர்க்கத்தான் வேண்டும்.

12இல் நிறுத்துவது உங்களுக்கு ஏன் வசதி என்று எனக்குத் தெரியும். இரண்டாம் சீசனின் கடைசியில் டிம் என்ற ஊழியன், உடன் வேலை பார்க்கும் டான் என்ற பெண்ணை அறைக்குள் அழைத்துப்போய், கதைப்படி அலுவலகத்தை ஆவணப்படம் எடுப்பவர்கள் மாட்டிவிட்ட மைக்கைக் கழற்றிவிடுகிறான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருவர் பேசுவது தெரிகிறது, ஒரு சொல் கேட்பதில்லை. வெளியே வந்து மைக்கை மாட்டிக்கொண்டு, அவள் மறுத்துவிட்டாள் என்று போகிறபோக்கில் சொல்கிறான். மேலாளர் டேவிட் ப்ரெண்ட் வேலை போய், தன்னை அனுப்பவேண்டாம் என்று கெஞ்சுகிறார். அங்கே திரையை இழுத்து மூடினால் உங்கள் கல்நெஞ்சு பிரிட்டன் கிடைத்துவிடும்.

ஆனால் 14ஆம் எபிசோடு ஒன்று இருக்கிறது. டான் டாக்ஸியில் போகும்போது, பெயர் சொல்லாமல் வந்த பரிசுப் பொட்டலத்தைப் பிரிக்கிறாள். உள்ளே எண்ணெய் வண்ணப் பெட்டி, அவள் எப்போதோ கிறுக்கிய டிம்மின் படம், மனம் தளராதே என்று ஒரு வரி. அழுகிறாள். திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் அவனை முத்தமிடுகிறாள். ப்ரெண்ட் கடைசியில் அலுவலகத்தாரை உண்மையாகவே சிரிக்கவைக்கிறார். கண்ணீர், முத்தம், சுபம். இதையே அமெரிக்கர்கள் எடுத்திருந்தால் சர்க்கரைப் பாகு என்று எழுதியிருப்பீர்கள். ஆகவே 14.

அரைக்கைச் சட்டை:
நீங்கள் இருவரும் எண்ணிக்கொண்டே இருங்கள். உண்மையான வித்தியாசம் சிரிப்பு ஒலி. அமெரிக்கத் தொடரில் எங்கே சிரிக்கவேண்டும் என்று அவர்களே சிரித்துக் காட்டுவார்கள். கொரியப் போரில் நடக்கும் 'மேஷ்' தொடரை பிபிசி வாங்கி, அந்தச் சிரிப்பை நீக்கிவிட்டு ஒளிபரப்பியது. அதே தொடர், வேறு தரம்.

கரிக்கட்டை:
'ஃபால்டி டவர்ஸ்' ஸ்டூடியோவில் ஆட்களை உட்காரவைத்து எடுத்தது. அதில் வரும் ஓட்டல்காரர் பாசில் தன் காரை மரக்கிளையால் அடிக்கும்போது பின்னால் கேட்பது என்ன, குயில் கூவுவதா? 'தி ஆபீஸ்' அமெரிக்க வடிவத்தில் ஒரு சிரிப்பொலியும் கிடையாது, 201 எபிசோடிலும். பிரிட்டிஷ் வடிவத்திலும் கிடையாது, 14 எபிசோடிலும்.

அடைமழை:
12.

மோர்க்குழம்பு:
ஒரு சந்தேகம். பிரிட்டிஷ் 'தி ஆபீஸ்' இப்போது எங்கே பார்க்கக் கிடைக்கும்?

அடைமழை:
அந்த 201தான் என் கட்சி. நன்றி, நீங்களே எழுதிவிட்டீர்கள். அமெரிக்க வடிவத்தின் நாயகன் ஸ்டீவ் கரெல் 2011இல் கிளம்பிப் போனபிறகும் 2013 வரை இழுத்தார்கள். மாப்பிள்ளை ஓடிப்போன பிறகும் நாதஸ்வரம் நிற்கவில்லை. காரணம் கலை அல்ல, வியாபாரம். 100 எபிசோடு தேறினால் உள்ளூர் நிலையங்களுக்கு மறு ஒளிபரப்புக்கு விற்கலாம். அரை மணி நேரத்தில் எட்டு நிமிடம் விளம்பரம். 22 நிமிடத்தை நிரப்ப ஒரு அறை நிறைய எழுத்தாளர்கள். கல்யாணத்துக்குச் சமைப்பதுபோல. 'ஃபால்டி டவர்ஸ்' எழுதியவர்கள் இரண்டே பேர், ஜான் கிளீஸும் கோனி பூத்தும். 1975இல் ஆறு, 1979இல் ஆறு. இடையில் நான்கு ஆண்டு. வீட்டுச் சமையல்.

கரிக்கட்டை:
இரண்டு பேர் எழுதினால் வீட்டுச் சமையலா? ஒரே ஆள் எழுதியது ஒன்று சொல்கிறேன். 'லாஸ்ட் ஆஃப் தி சம்மர் வைன்'. ராய் கிளார்க் என்ற ஒற்றை மனிதர், யார்க்‌ஷயர் ஊரில் மூன்று கிழவர்கள், 1973 முதல் 2010 வரை 295 எபிசோடுகள். பிரிட்டிஷ்காரனுக்கு எழுந்து போகத் தெரியும் என்றீர்களே, அந்தக் கிழவர்கள் 37 ஆண்டு எழுந்து போகவில்லை. அமெரிக்கர்களின் 'ஃப்ரெண்ட்ஸ்' 236தான். 'சைன்ஃபெல்ட்' 180, அதோடு தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள், 1998இல். அத்தொடரை எழுதியவர்கள் வைத்துக்கொண்ட விதியே கட்டிப்பிடிக்கவும் கூடாது, பாடம் கற்கவும் கூடாது என்பதுதான். ஒன்பது சீசனில் அந்த நியூயார்க் நண்பர்கள் நான்கு பேரும் ஒரு அங்குலம்கூடத் திருந்தவில்லை. கல்நெஞ்சு வேண்டுமென்றால் நியூயார்க்குக்குப் போங்கள், 'தி ஆபீஸ்' கதை நடக்கும் ஸ்லவ்வுக்கு அல்ல.

அடைமழை:
ஸ்லவ்வைப் பற்றி எனக்கு நீங்கள் சொல்லவேண்டாம். நான் அங்கே நான்கு ஆண்டு வேலை பார்த்தவன். தொடரின் தொடக்கத்தில் வரும் பஸ் நிலையத்தில் நனைந்துகொண்டு நின்றவன். அந்த ஊரின் சாம்பல் நிறம் தெரியாதவர்களுக்கு அந்த நகைச்சுவையில் பாதி புரியாது.

கரிக்கட்டை:
அலுவலகக் காட்சிகளை எடுத்தது ஸ்லவ்வில் அல்ல, டெடிங்டன் ஸ்டூடியோவில். நீங்கள் நனைந்தது வீண்.

அடைமழை:
அமெரிக்கர்கள் மட்டும் தங்கள் கதை நடக்கும் ஸ்க்ரான்டனிலா எடுத்தார்கள்? லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் எடுத்தார்கள். கலிபோர்னியா வெயிலில் கோட்டும் மப்ளரும்.

தேநீர்ப் பிரியை:
பிரிட்டிஷ், பிரிட்டிஷ் என்று எல்லாவற்றையும் லண்டனைச் சுற்றியே பேசுகிறீர்கள். 'டெரி கேர்ள்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. வெளியே ராணுவச் சோதனைச்சாவடி, உள்ளே பரீட்சைப் பயம். யாருமே குறிப்பிடவில்லை.

அரைக்கைச் சட்டை:
அது வட அயர்லாந்து. ஐக்கிய ராஜ்ஜியம்தான், பிரிட்டன் அல்ல. தலைப்பை விட்டு விலகவேண்டாம்.

தேநீர்ப் பிரியை:
தலைப்பே பன்னிரண்டா பதினான்கா என்பதுதான். நான் எதை விட்டு விலகினேன்? சென்ற ஆண்டு 'பிளாக்கேடர்' முடிவை நான் பார்ப்பதற்குள் போட்டு உடைத்தவர் எனக்கு ஒழுங்கு சொல்லவேண்டாம்.

அரைக்கைச் சட்டை:
அம்மணி, அது 1989இல் வந்தது.

தேநீர்ப் பிரியை:
எனக்குச் சென்ற ஆண்டுதான் வந்தது. போர்முனை அகழியிலிருந்து அவர்கள் மேலே ஏறும்போது அழவேண்டிய நான், உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கரிக்கட்டை:
அடைமழை இன்னும் பதில் சொல்லவில்லை. 14ஆம் எபிசோடில் டான் திரும்பி வருகிறாளா, இல்லையா?

அடைமழை:
வருகிறாள். ஆனால் சிறப்பு நிகழ்ச்சியில் வருகிறாள். தொடரில் வரவில்லை.

கரிக்கட்டை:
அதாவது பெண் வந்தாள், ஆனால் உங்கள் கணக்கேட்டில் வரவில்லை.

அடைமழை:
அமெரிக்கர்களால் பிரிட்டிஷ் நகைச்சுவையை நகலெடுக்கவும் முடியவில்லை என்பதை வசதியாக மறந்துவிட்டீர். 1983இல் 'ஃபால்டி டவர்ஸ்' கதையை எடுத்து 'அமாண்டாஸ்' என்று செய்தார்கள். பாசில் பாத்திரமே இல்லை! இட்லியில் மாவை நீக்கிவிட்டார்கள். 2003இல் பிபிசியின் 'கப்ளிங்' தொடரை அதே பெயரில் நகலெடுத்தார்கள், நான்கே எபிசோடில் பிபிசியின் மானத்தோடு கரையொதுங்கியது.

கரிக்கட்டை:
'ஸ்டெப்டோ அண்ட் சன்' எடுத்து 'சான்ஃபோர்ட் அண்ட் சன்' செய்தார்கள், 1972இல், சக்கைப்போடு போட்டது. 'டில் டெத் அஸ் டூ பார்ட்' எடுத்து 'ஆல் இன் தி ஃபேமிலி' செய்தார்கள். நகலே மூலத்தை மறக்கடித்தது. சிறப்பு எபிசோடுகளை மறப்பதுபோல மற்றவற்றையும் மறக்கும் பழக்கம் உமக்கு.

இன்னொன்று. 2011இல் உங்கள் ப்ரெண்ட் அமெரிக்கத் தொடரில் ஒரு நிமிடம் தலைகாட்டினார். லிஃப்ட் வாசலில் அந்தத் தொடரின் மேலாளர் மைக்கேல் ஸ்காட்டைச் சந்தித்து என்ன செய்தார் தெரியுமா? கட்டிப்பிடித்தார்.

அடைமழை:
அது அமெரிக்க எபிசோடு. அமெரிக்காவில் போய் இறங்கினால் யாரும் கட்டிப்பிடிப்பார்கள்.

நிதானி:
இருவரும் கோபிக்கவேண்டாம். டிசம்பர் 26இல் வந்ததும் 27இல் வந்ததும் ஒரே கிறிஸ்துமஸ் சிறப்பின் முதல் பாகம், இரண்டாம் பாகம்தானே? அப்படிப் பார்த்தால் ஒன்று. மொத்தம் 13.

கரிக்கட்டை:
யார் ஐயா இவர்?

அடைமழை:
நிதானி அவர்களே, இதில் மட்டும் நான் கரிக்கட்டையோடு நிற்கிறேன். 13 என்பது எந்தக் கணக்கிலும் வராது. 12தான்.

கரிக்கட்டை:
என்னோடு யாரும் நிற்கவேண்டாம். 14.

மோர்க்குழம்பு:
எங்கே பார்க்கலாம் என்று கேட்டேன்.