பைக் கழுவுதல்: புதுப்பிப்பு

வெள்ளவத்தையில் கடலோரம் நிற்கும் பைக்கில் உப்புக்காற்றால் துரு ஏறுகிறது, பிரஷர் வோஷர் அடிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. வேண்டாம் என்று முடிவெடுத்து, மழைக்காலம் முழுக்க வாளியும் துணியுமாகவே கழுவினேன். துரு மேலும் பரவவில்லை. பிரஷர் வோஷரின் வேகத்தில் தண்ணீர் அடித்தால் சில்லு பெயரிங்குக்குள் தண்ணீர் புகுந்து கிரீஸ் போய்விடும்; வயர் இணைப்புகளுக்கும் ஆகாது.

என்ஜின் ஆறிய பிறகு, நிழலில் வைத்துத்தான் கழுவ வேண்டும். முதலில் வெறும் தண்ணீரால் மணலைக் கழுவி விடுங்கள், மணலோடு தேய்த்தால் பெயின்ட் கீறிவிடும். பாத்திரம் கழுவும் சோப் மெழுகுப் பூச்சையே எடுத்துவிடும் என்று ஒரு அண்ணா சொன்னது சரி. கார் ஷாம்பூ போதும்.

செயினில்தான் அதிக நேரம் போகிறது. என்னுடையது ஓ-ரிங் செயின், அதாவது உள்ளே கிரீஸை அடைத்து வைக்கும் ரப்பர் வளையங்கள் உள்ளது. பெட்ரோல் அந்த ரப்பரைக் கெடுத்துவிடும், அதனால் கிட்டவே வரக்கூடாது; மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும்தான். என்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் பின்சில்லைக் கையால் சுற்றுங்கள். ஓடவிட்டபடி துடைத்து விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். நன்றாகக் காய்ந்ததும் உட்பக்கமாக எண்ணெய் விடலாம். டயரிலோ டிஸ்க்கிலோ ஒரு துளிகூடப் படக்கூடாது.

அப்புறம், நனைந்த பிரேக் உடனே பிடிக்காது. ஒழுங்கைக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் காலி வீதிக்கு ஏறுகிறேன்.

மட்கார்ட் போல்ட்டில் பழைய துரு இன்னும் இருக்கிறது. எடுத்ததும் படம் போடுகிறேன்.