ஏர் ரைபிளில் பெல்லட் தேர்வு: ஒரே டப்பா, இருவேறு குரூப்

ஒத்தக்கடைக்காரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது குழலை மடக்கி ஏற்றும் .177 (4.5 மி.மீ. விட்டம்) ஸ்பிரிங் ஏர் ரைபிள். நான்கு மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சோழவந்தானுக்கு அருகே என் மாமாவின் தென்னந்தோப்பில், கிணறு வெட்டியபோது குவித்த மண்மேட்டைப் பின்புறமாக வைத்து, 20 மீட்டரில் காகித இலக்குகளைச் சுட்டுப் பழகுகிறேன்.

அமெரிக்காவில் .223 போன்ற சிறு விட்டத் துப்பாக்கிகளைப் பயன்படுத்துவோர் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே நிரப்புகிறார்கள். வெடிமருந்தை 0.2 கிரெய்ன் (ஏறத்தாழ 13 மில்லிகிராம்) அளவில் கூட்டிக் குறைத்தும், குண்டு அமரும் ஆழத்தை மாற்றியும், எந்தச் சேர்க்கை மிகச் சிறிய குரூப்பை (இலக்கில் குண்டுத் துளைகள் பரவும் அகலத்தை) தருகிறது என்று தேடுவதைக் காணொளிகளில் பார்த்து வியந்திருக்கிறேன். உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதை நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடை செய்கிறது. எனக்கு அந்த எண்ணமும் இல்லை. ஆனால் அந்தப் பொறுமையை ஏர் ரைபிளின் ஈயக் குண்டான பெல்லட்டின் மீது காட்டலாமே என்று, 0.547 கிராம் பெல்லட் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு மதுரை தெற்காவணி மூல வீதியில் தெரிந்த நகைக்கடைக்குப் போனேன். தராசில் ஒவ்வொன்றாக வைத்தபோது எல்லாம் 0.54 அல்லது 0.55 என்றே காட்டின. கடைக்காரர் ஒன்றை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஈயத்தை நிறுக்க என் தராசா?" என்று சிரித்தார்.

அப்படி எடை பார்த்துப் பிரித்த பெல்லட்டுகளால் முதல் வாரம் ஐந்து குண்டுகள் 14 மி.மீ.க்குள் விழுந்தன. மறுவாரம் அதே டப்பா, அதே தூரம், 31 மி.மீ. மில்லிகிராம் தராசு வாங்கினால் இது சரியாகுமா?

மேலூர் மாந்தோப்பு:

தராசு வாங்க வேண்டாம் ஐயா. முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் பெல்லட் குழலை விட்டு நொடிக்கு 240 மீட்டர் வேகத்தில் கிளம்புவதாகக் கொண்டால், 20 மீட்டரைக் கடக்க நொடியில் பதினொன்றில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் புவியீர்ப்பால் ஏறத்தாழ 4 செ.மீ. கீழே இறங்கும். எடை ஒரு சதவீதம் கூடினால், அதே ஆற்றலுக்கு வேகம் அரை சதவீதம் குறையும். இறக்கம் ஒரு சதவீதம் கூடும். அதாவது 0.4 மி.மீ. நகைக்கடைத் தராசு காட்டிய 0.54, 0.55 வேறுபாட்டை முழுதாக எடுத்துக்கொண்டாலும் ஒரு மில்லிமீட்டரைத் தொடாது. 14 மி.மீ. 31 ஆனதற்கு எடையின் மீது பழி போட முடியாது.

இன்னொன்று, ஐந்து குண்டுகளை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஒரே துப்பாக்கியும் ஒரே பெல்லட்டும் ஒரே கையும் ஐந்து ஐந்தாகச் சுட்டால், எதையும் மாற்றாமலேயே ஒரு குரூப் மற்றொன்றைப் போல் ஒன்றரை மடங்கு வருவது சர்வசாதாரணம். தோட்டா நிரப்புவோரிலும் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள்: தற்செயலாக வந்த ஒரு சிறிய குரூப்பை நம்பி, அந்த மருந்தளவே அதிர்ஷ்ட அளவு என்று எழுதி வைத்துக்கொள்வார்கள். பத்துப் பத்தாகச் சுடுங்கள். பெல்லட் வகை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு குரூப் வேண்டும். துளைகளின் வெளிவிளிம்பு முதல் வெளிவிளிம்பு வரை அளந்து, அதிலிருந்து 4.5 மி.மீ. கழித்தால் மையத்திலிருந்து மையத்துக்கான அளவு கிடைக்கும். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள்.

மறுவாரம் காற்று எப்படி இருந்தது? ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வைகைக் கரையோடு வரும் காற்றை அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் நேர்க்குறுக்காக வீசினால் இந்த பெல்லட்டை 20 மீட்டரில் ஏறத்தாழ 2 செ.மீ. தள்ளிவிடும். அந்தக் காற்று விட்டு விட்டு வீசும் நாளில் 31 மி.மீ. வந்தது எனக்கு வியப்பாக இல்லை.

பழைய கிளப் உறுப்பினர்:

மேலே நண்பர் எழுதியதோடு உடன்படுகிறேன். ஆனால் தம்பி, துப்பாக்கியை எதன் மேல் வைத்துச் சுட்டீர்கள் என்பதை நீங்கள் எழுதவே இல்லை. ஸ்பிரிங் துப்பாக்கியில் முதல் கேள்வியே அதுதான். விசையை அழுத்தியதும் கனமான பிஸ்டன் முன்னோக்கிப் பாய்கிறது. துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் முடிவில் மோதும்போது மறுபடி முன்னால் துள்ளுகிறது. இந்த ஆட்டத்தின் நடுவில்தான் பெல்லட் குழலை விட்டு வெளியேறுகிறது. ஆகவே துப்பாக்கி ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக ஆட வேண்டும். கல்லின் மேலோ இரும்பின் மேலோ வைத்தால் அது துள்ளித் தெறிக்கும். இறுக்கிப் பிடித்தால் உங்கள் இறுக்கத்துக்கு ஏற்பக் குண்டு இடம் மாறும். இடது உள்ளங்கையை மூட்டையின் மேல் மல்லாத்தி, அதில் கட்டையை (குழலைத் தாங்கும் பகுதியை) சும்மா கிடத்துங்கள். தோளிலும் அழுத்த வேண்டாம்.

அடுத்து, கட்டையின் திருகுகளையும் ஸ்கோப் பிடிமானத்தையும் பாருங்கள். இந்த இருபக்க உதையில் அவை தாமாகவே தளரும். விலை கூடிய டப்பாக்களை வரிசையாக வாங்கிக் குவித்துவிட்டு, கடைசியில் ஒரு திருகைக் கால் சுற்று முறுக்கியதும் தலையில் கை வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். (அந்த வரிசையில் நானும் ஒருவன்.)

பெல்லட்டைப் பிரிக்கத்தான் வேண்டுமென்றால் கண்ணால் பிரியுங்கள். வெள்ளைத் துணியில் பரப்பி, பாவாடை போல விரிந்த பின்விளிம்பு நசுங்கியிருப்பதை ஒதுக்குங்கள். குழலுக்குள் பிஸ்டன் அழுத்தும் காற்று அங்கேதான் தள்ளுகிறது. எடையைக் காட்டிலும் தலை விட்டம் (பெல்லட்டின் முன்பகுதி அகலம்) முக்கியம். 10 மீட்டர் போட்டிக்காரர்கள் பயன்படுத்தும் ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் போன்றவை 4.49, 4.50 மி.மீ. என்று தலை விட்டத்தை டப்பாவிலேயே குறித்து வருவது அதனால்தான். அவர்களின் பத்துப் புள்ளி வளையமே அரை மில்லிமீட்டர்தான். அதற்காகக் குழலைப் பிடிகருவியில் இறுக்கி, தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். பெல்லட் வகையை மாற்றினால் குழலில் பழைய ஈயப் பூச்சு மாறுவதற்கு முதல் இருபது குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது போதும்.

வைகை வடகரை:

ஒரு சிறு குறிப்பு. .177 விட்டமும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் இருக்கும் வரைதான் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. 0.547 கிராம், 240 மீட்டர் என்றால் ஏறத்தாழ 15.8 ஜூல்; உங்களுடையது உள்ளே வருகிறது. அதிக வலுவுள்ள ஸ்பிரிங் மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் போக வேண்டாம். தோப்பில் மயில் இறங்கும். குரூப் நன்றாக வரத் தொடங்கியதும் கை துறுதுறுக்கும். மயில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. இலக்குக்குப் பின்னால் யாரும் நடக்க வழியில்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் இளநீர் குடிக்காதீர்கள்.

ஒத்தக்கடைக்காரன்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் முறை அரிசிமூட்டையின் மேலும், மறுமுறை வாய்க்கால் ஓரத்துச் சிமெண்ட் குழாயின் மேலும் வைத்துச் சுட்டிருக்கிறேன். கிளப் உறுப்பினர் ஐயா கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. கட்டையின் முன்திருகும் தளர்ந்திருந்தது; அரைச் சுற்று முறுக்கினேன்.

நேற்றுக் காலை ஆறேகால் மணிக்கே தோப்புக்குப் போய், மூட்டையின் மேல் கையை மல்லாத்தி, நான்கு பத்துக் குண்டுக் குரூப்களைச் சுட்டேன். தென்னங்கீற்றின் நுனி அசைந்தபோதெல்லாம் காத்திருந்தேன். ஒரு குண்டுக்கு மட்டும் பதினோரு நிமிடம் ஆயிற்று. எடை பார்த்துப் பிரித்தவை 19, 23 மி.மீ.; டப்பாவிலிருந்து அப்படியே எடுத்தவை 22, 18 மி.மீ. தராசு வாங்கும் யோசனையைக் கைவிட்டேன். தலை விட்டம் 4.51 உள்ள டப்பா கிடைத்ததும் இதே வரிசையில் சுட்டு அளவுகளை இங்கேயே எழுதுகிறேன்.