எக்செல் 2003 முறையில் எழுதிய மேக்ரோ 2016-இல் மொத்தத்தை 0 என்று காட்டுகிறது – உதவி தேவை

கேள்வி:
வணக்கம். நான் எங்கள் ஊர்ப் பால் உற்பத்தியாளர் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். அண்ணன் எக்செல் 2003-இல் வேலை பார்த்த காலத்தில் எழுதி வைத்த நோட்டைப் பார்த்து விபிஏ (எக்செலில் வேலைகளைத் தானாகச் செய்யும் மேக்ரோக்களை எழுதும் நிரல்மொழி) கற்று வருகிறேன். சங்கத்தில் இருப்பதோ 64 பிட் எக்செல் 2016. உறுப்பினர்கள் காலையும் மாலையும் ஊற்றிய பாலின் லிட்டர் அளவைக் கூட்டும் மேக்ரோ, ஒரு மாதக் கணக்குக்குச் சரியாக ஓடியது. ஆண்டு முழுவதற்குமான 80,412 வரிசைகளை ஒரே தாளில் சேர்த்து ஓட்டினால், பிழைச் செய்தி எதுவும் இல்லாமலே மொத்தம் 0 என்று வருகிறது. எஃப்8 விசையை அழுத்தி ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். சுழற்சியைத் தொடங்கும் ஃபார் வரியிலிருந்து உள்ளே நுழையாமல், அதை முடிக்கும் நெக்ஸ்டுக்கு அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறது. கடைசி வரிசையைக் கண்டறியும் வரி இது:

கடைசி = ரேஞ்ச்("ஏ65536").எண்ட்(எக்ஸ்எல்அப்).ரோ

தீபாவளிக்கு முன் போனஸ் பிரிக்க இந்த மொத்தம் வேண்டும். தவறு எங்கே என்று சொல்லுங்கள்.

மறுமொழி 1:
எஃப்8 வைத்துப் பார்த்தது மிகவும் நல்லது, விடை அதிலேயே இருக்கிறது. எக்செல் 2003-இல் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான். ஆகவே கடைசி செல்லில் நின்று மேல்நோக்கித் தேடினால், தரவு உள்ள கடைசி வரிசை கிடைக்கும். 2007 முதல் ஒரு தாளில் 10,48,576 வரிசைகள் உள்ளன. உங்கள் தரவு 65,536-ஐத் தாண்டிவிட்டதால், தேடல் தொடங்கும் செல்லே நிரம்பியிருக்கிறது. நிரம்பிய செல்லிலிருந்து மேலே போனால், இடையில் வெற்றுச் செல் இல்லாதவரை அது தலைப்பு வரிசை வரை ஏறிவிடும். "கடைசி" 1 ஆகிவிட்டது. 2 முதல் 1 வரை ஓடச் சொன்ன சுழற்சி ஒருமுறைகூட ஓடாது. எண்ணை நீங்கள் எழுதாமல், எக்செலிடமே கேளுங்கள்:

கடைசி = தாள்.செல்ஸ்(தாள்.ரோஸ்.கவுண்ட், 1).எண்ட்(எக்ஸ்எல்அப்).ரோ

ரோஸ்.கவுண்டுக்கு முன்னும் தாளின் பெயரைச் சேர்ப்பது அவசியம். பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு ஒன்று முன்னால் திறந்திருந்தால், பெயரில்லாத ரோஸ்.கவுண்ட் அந்தக் கோப்பின் 65,536-ஐயே தந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. மாற்றியதும் அதே வரியில் "ஓவர்ஃப்ளோ", பிழை எண் 6 என்று நிற்கிறது. "கடைசி" என்ற மாறியை நோட்டில் உள்ளபடி இன்டீஜர் (முழு எண் வகை) என்று அறிவித்திருக்கிறேன்.

மறுமொழி 1:
அதுதான் காரணம். விபிஏவில் இன்டீஜர் 32,767 வரைதான் கொள்ளும். மாதக் கணக்கில் ஏழாயிரம் வரிசைகளுக்குள் இருந்ததால் இக்குறை வெளியே தெரியவில்லை. "கடைசி", சுழற்சி எண் இரண்டையும் லாங் (பெரிய முழு எண் வகை) என்றும், லிட்டர் மொத்தத்தை டபுள் (தசம எண் வகை) என்றும் அறிவியுங்கள். இவை 2003-இலும் அப்படியே ஓடும். கோப்பை எக்ஸ்எல்எஸ்எம் வடிவில் சேமியுங்கள், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் மேக்ரோ தங்காது.

மறுமொழி 2:
அந்த நோட்டில் சற்றுநேரம் காத்திருப்பதற்காக ஸ்லீப் என்ற விண்டோஸ் செயல்கூற்றை டிக்ளேர் வரியால் அழைத்திருந்தால், அது 64 பிட் எக்செலில் தொகுக்கும்போதே நின்றுவிடும். டிக்ளேருக்குப் பின், 64 பிட்டுக்கும் ஏற்றது என்று அறிவிக்கும் பிடிஆர்சேஃப் என்ற சொல் வேண்டும். அச்சொல் 2003-க்குத் தெரியாது என்பதால், இரண்டிலும் ஓட விபிஏ7 என்ற நிபந்தனைக்குள் இரு வடிவங்களையும் எழுத வேண்டியிருக்கும். கற்கும் நிலையில் இந்தச் சுமை வேண்டாம் என்பது என் கருத்து. ஓரிரு நொடி நிறுத்துவதற்கு அப்ளிகேஷன்.வெயிட் போதும், அது எல்லாப் பதிப்பிலும் உண்டு.

கேள்வி கேட்டவர்:
ஸ்லீப் வரி நோட்டின் அடுத்த பாடத்தில்தான் வருகிறது. அங்கே வெயிட் என்று திருத்திக் குறித்துக்கொண்டேன். லாங் என்று மாற்றியபின் மேக்ரோ 80,412 வரிசைகளையும் கடந்தது. லிட்டர் நெடுவரிசைக்குக் கீழே சம் சூத்திரம் போட்டு ஒப்பிட்டேன், இரண்டு மொத்தமும் ஒன்றாகவே உள்ளன. இருவருக்கும் நன்றி.